மழைக்காலம் முடிந்து வாலிபால் ஆட இறங்கினேன், குதிகாலுக்கு மேலே வலி. ஆடிக்கொண்டே சரிசெய்ய முடியுமா?

வாய்க்கால்பாலம்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ஆற்றங்கரை ஊர். அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஐப்பசியில் தண்ணீர் கட்டினால் பொங்கல் வரைக்கும் நெட் கட்ட வழியில்லை. இந்த வருடமும் அப்படித்தான். மார்கழியில் எனக்கு நெஞ்சுச்சளி வேறு பிடித்து, இருமி இருமி ஓய்ந்துபோனேன். பொங்கலன்று இளவட்டங்கள் கூப்பிட்டார்கள், இறங்கிவிட்டேன். முதல் வாரம் தொடையும் முதுகும் வலித்தன. அது வருடாவருடம் உள்ளதுதான். அடுத்த வாரமே மூச்சிரைப்பு நின்றுவிட்டது. சரி, உடம்பு பழையபடி வந்துவிட்டது என்று தினமும் இருட்டும்வரை ஆட்டம். நான் நெட் பக்கத்தில் நின்று அடிக்கிறவன், துள்ளாமல் எனக்கு ஆட்டமே கிடையாது.

இப்போது மாசி பிறந்திருக்கிறது. இடது காலில் குதிகாலுக்கு இரண்டு விரற்கடை மேலே, பின்பக்கம் வலி. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது நொண்டுகிறேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் இளகிவிடுகிறது. ஆடும்போது உடம்பு சூடேறிவிட்டால் வலியே தெரியாது. மறுநாள் காலையில் வட்டியும் முதலுமாகச் சேர்ந்து வரும். தொட்டுப் பார்த்தால் வலது காலைவிட அந்த இடம் கொஞ்சம் தடித்திருக்கிறது.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வீட்டில், "மூணு மாசம் காலை நீட்டிக்கிட்டு கிடங்க" என்கிறாள். மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரையும் ஸ்பிரேயும் கொடுத்தார்கள். பெரியப்பா மகன் உருவிவிடக் கூப்பிடுகிறான். யூடியூபில் ஒருவர் படி விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிடச் சொல்கிறார். சித்திரையில் எங்கள் அம்மன் கோயில் கொடை விழா. அதை ஒட்டி ராத்திரி லைட் போட்டு வாலிபால், வெளியூர் டீமெல்லாம் வரும். அதற்குள் சரியாகுமா? ஆடிக்கொண்டே சரிசெய்ய வழி உண்டா, அல்லது இப்போதே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பேட்டைக்காரன்

வே, இதுக்குப் போய் ஸ்கேனா? சித்த மருந்துக் கடையில் முறிவெண்ணெய் வாங்கி, இளஞ்சூடாக்கித் தேய்த்து, நல்ல ஆசான் ஒருவரிடம் நாலு நாள் உருவிவிட்டால் போதும். நம்ம பக்கம் வர்ம ஆசான்மாருக்கா பஞ்சம்? ஆட்டத்தை மட்டும் நிறுத்தும். வயசு 44, இன்னும் என்ன துள்ளல் வேண்டிக்கிடக்கு?

பாளை பிசியோ

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். தை கடைசியிலிருந்து பங்குனி முடிய என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இதே கதையைத்தான் சொல்வார்கள். வ.உ.சி. மைதானத்தில் திரும்ப நடக்க ஆரம்பித்தவர்கள், ஷட்டில் ஆடுகிற பேங்க் ஊழியர்கள், பொங்கலுக்குக் கபடி ஆடிவிட்டு அப்படியே தொடர்ந்த பையன்கள். முதல் நாளே வலி வந்தது என்று சொல்கிறவர்கள் குறைவு. மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் வருகிறது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும்.

மூச்சும் இதயமும் சீக்கிரம் தேறிவிடும். இரண்டு மூன்று வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். தசையும் பரவாயில்லை. தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண் இருக்கிறதே, அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, உள்ளே நார்கள் புதுப்பிப்பதும் மெதுவாகத்தான். புதுச் சுமைக்கு அது பழக மாதக்கணக்கில் ஆகும். அண்ணாச்சிக்கு மூச்சிரைப்பு நின்ற அன்று நுரையீரல் தயார், குதிகால் நாண் இன்னும் மார்கழியிலேயே இருந்திருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ஆட்டத்தைக் கூட்டுகிற அந்த வாரம்தான் ஆபத்தான வாரம்.

நீங்கள் சொல்கிற அடையாளங்கள் அத்தனையும் குதிகால் நாணின் நடுப்பகுதி பாதிப்புக்குப் பொருந்துகின்றன: காலை முதல் அடியில் வலி, நடக்க நடக்க இளகுவது, இரண்டு விரற்கடை மேலே தடிப்பு. இதைக் கேட்டும் தொட்டுப் பார்த்துமே கண்டுபிடித்துவிடலாம். ஆரம்பத்திலேயே ஸ்கேனுக்கு அவசியம் இல்லை.

சும்மா கிடந்தால் வலி போகும், உண்மைதான். ஆனால் நாண் இன்னும் பலவீனமாகும். மூன்று மாதம் கழித்து இறங்கினால் மூன்றாவது வாரம் திரும்ப என்னிடம்தான் வருவீர்கள். இப்படி வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவர்கள் உண்டு. எனக்கு வருமானம், அவர்களுக்கு என்ன பிரயோஜனம்?

ஆடிக்கொண்டே சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியை 2007-இல் ஸ்வீடனில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குதிகால் நாண் வலி உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை முதல் ஆறு வாரம் ஓடவோ துள்ளவோ விடவில்லை. இன்னொரு கூட்டத்துக்கு வலியை அளந்துகொண்டே ஓடவும் துள்ளவும் அனுமதி. இரண்டு கூட்டமும் ஒரே நாண் பயிற்சியைச் செய்தது. கடைசியில் ஆடினவர்களுக்கு அதனால் கெடுதல் எதுவும் இல்லை. அங்கே அளவு என்னவென்றால், வலியைப் பத்துக்கு மார்க் போட்டால் ஐந்தைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலையில் அது அடங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் விறைப்பு கூடக்கூடாது. நான் என் ஆட்களுக்கு மூன்று, நான்கு என்றே சொல்வது வழக்கம். நம் ஊரில் ஐந்து என்றால் ஏழு வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவார்கள்.

ஆக, உங்களுக்கு மறுநாள் காலைதான் நீதிபதி. ஆடும்போது வலி இல்லை என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

பயிற்சியைச் சொல்வதற்கு முன்னால் சில விவரம் வேண்டும். சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்த்திருக்கிறீர்களா? இரண்டும் நாணைக் கெடுக்கக்கூடியவை. மழைக்காலத்தில் சிக்குன்குனியா மாதிரிக் காய்ச்சல் வந்ததா? வந்திருந்து, இரண்டு கணுக்கால் கரண்டையும் மணிக்கட்டும் விரலும் சேர்ந்து காலையில் வீங்கினால் அது வேறு வழக்கு, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். முக்கியமாக, மார்கழி நெஞ்சுச்சளிக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? அட்டை இருந்தால் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பேட்டை அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கும், கெண்டைக்கால் சதையில் மெதுவாகத் தடவுவதில் தப்பில்லை. தடித்த அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி உருவுவது மட்டும் வேண்டாம்.

வாய்க்கால்பாலம்

மேடம், ரொம்ப நன்றி. காய்ச்சல் பெரிதாக இல்லை. சர்க்கரை போன ஆடியில் பார்த்தேன், பார்டரில் இருக்கிறது என்றார்கள். மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தேன். லெவோஃப்ளாக்சசின் 500 என்று போட்டிருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த கோர்ஸை முழுதாக முடித்தேன். கூடவே சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று, சில நாளைக்கு, மூச்சு இளைப்புக்கு என்று. சீட்டில் பிரெட்னிசோலோன் என்று இருக்கிறது. சளி மாத்திரைக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம்?

பாளை பிசியோ

சம்பந்தம் இருக்கிறது, கேட்டதும் அதற்குத்தான். லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் இவை ஒரே குடும்பம். நல்ல மருந்துகள்தான், தேவைப்படும் இடத்தில் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அபூர்வமாகத் தசைநாணைப் பலவீனமாக்கும், அதிலும் குறிப்பாகக் குதிகால் நாணை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்கள், கூடவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டுதான். மாத்திரையை நிறுத்திச் சில மாதம் வரைக்கும்கூட இந்த விளைவு வரலாம் என்பதால், மார்கழியில் சாப்பிட்டது மாசியில் வலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

உங்களுக்கு வலி வந்தது மாத்திரையாலா ஆட்டத்தாலா என்று இங்கிருந்து யாரும் அறுதியிட முடியாது. எழுதிக்கொடுத்த டாக்டர் மேல் தப்பும் இல்லை. அந்தச் சளிக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். செய்ய வேண்டியது இரண்டு. அவரிடமே போய்க் குதிகால் வலியைச் சொல்லுங்கள், அடுத்த முறை வேறு மருந்து யோசிப்பார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறோமே ஆஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரை, அதுவும் இதே குடும்பம்தான்.

இதனால் என் யோசனையைக் கொஞ்சம் மாற்றுகிறேன். ஸ்வீடன் கதையில் சொன்ன துள்ளல் அனுமதி உங்களுக்கு இப்போது கிடையாது. காலை வலி அடங்கும்வரை துள்ளல், திடீர் ஓட்டம் இரண்டும் வேண்டாம். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். நெட் பக்கம் போகாமல் நின்ற இடத்தில் பந்தை எடுத்துக் கொடுக்கலாம்.

முதல் இரண்டு வாரம் அசையாமல் பிடிக்கிற பயிற்சி மட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் நுனிவிரலில் எழும்பி, முக்கால் நிமிடம் அப்படியே நில்லுங்கள். இரண்டு நிமிடம் விட்டுத் திரும்ப. அப்படி நாலைந்து தடவை, காலையும் மாலையும். இதில் வலி மூன்றுக்கு மேல் போகாமல், காலை நொண்டல் குறைந்தால் அடுத்தது.

அடுத்தது படிப் பயிற்சி. ஸ்வீடன் டாக்டர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை. படி விளிம்பில் நின்று இரண்டு காலாலும் எழும்பி, நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, லேசாக மடக்கி அதேபோல மூன்று சுற்று. தினம் இரண்டு வேளை, 12 வாரம். படித்தாலே மலைப்பாக இருக்கிறதா? 2015-இல் டென்மார்க்கில், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் அதிக எடையோடு மெதுவாக ஏறி இறங்குகிற முறையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆலை வேலைக்காரருக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும் என்பது என் கணக்கு. ஏற மூன்று விநாடி, இறங்க மூன்று விநாடி. ஒற்றைக் காலில் பதினைந்து வலியில்லாமல் வந்தபிறகு முதுகுப் பையில் அரிசியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து கிலோவில் ஆரம்பியுங்கள். ஆலையில் அதற்குக் குறைவில்லையே.

யூடியூப்காரர் சொன்ன மாதிரி தொங்கிக்கொண்டே நிற்பதை விட்டுவிடுங்கள். அது வெறும் இழுப்பு, நாணுக்குப் பலம் தராது. ஒருவேளை வலி நாண் போய் எலும்பில் ஒட்டுகிற அடிப்பகுதியில் இருந்தால், படிக்குக் கீழே இறக்கவே கூடாது. தரையில் நின்றே செய்ய வேண்டும்.

தட்டையான ரப்பர் செருப்பை ஓரம் வையுங்கள். குதிகால் பக்கம் ஒரு சென்டிமீட்டர் உயரமாக உள்ள செருப்போ ஷூவோ போட்டால் நாணுக்கு இழுப்பு குறையும். டைக்ளோஃபினாக் போட்டுவிட்டு ஆடுவது மோசம், மறுநாள் காலை நீதிபதியை நாமே தூங்க வைத்த மாதிரி. இரத்த அழுத்தம், சிறுநீரகம், அல்சர் தொந்தரவு உள்ளவர்கள் அதைத் தாமாக வாங்கவே வேண்டாம். அந்த நாணில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அறுந்துபோக வாய்ப்பு உண்டு.

அறுந்தால் எப்படித் தெரியும்? பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு அடி, சிலருக்கு டப்பென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தக் காலால் நுனிவிரலில் எழும்ப முடியாது. கவிழ்ந்து படுத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் அசையாது. அப்படி ஆனால் எண்ணெய், கட்டு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பேட்டைக்காரன்

மாத்திரை விசயம் எனக்குப் புதுசு. எங்க அம்மாவுக்கு 70, மூத்திரத் தொற்றுக்குச் சிப்ரோ கொடுத்திருக்காங்க. நிறுத்தணுமா?

பாளை பிசியோ

நீங்களாக நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி. இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். குதிகாலிலோ தோளிலோ புதிதாக வலி, வீக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். கோர்ஸ் முடிகிற வரைக்கும் பாரம் தூக்குவது, வேகமாகப் படி ஏறுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

பழைய பி.டி. சார்

நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிசியோ அம்மா காலைப் பார்த்துவிட்டார்கள், நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, ஆற்றங்கரை ஊர் மைதானம் என்றால் களிமண் கலந்ததுதானே? மழையில் அதில் மாடு மேயும், எருமை படுக்கும். தை வெயிலில் காயும்போது அந்தக் குளம்புத் தடமெல்லாம் குழியாகவே இறுகிவிடும். மேலே புழுதி மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது. நெட்டில் துள்ளி இறங்குகிறவன் பாதி பாதம் அந்தக் குழியில் வைத்தால் கரண்டை மடங்காமல் என்ன செய்யும்? என் காலத்தில் மழை முடிந்து முதல் வாரம் பையன்களுக்குப் பந்தே கொடுக்கமாட்டேன். மண்வெட்டி கொடுப்பேன். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, கொத்தி, மணல் போட்டு, உருளை இழுத்தபிறகுதான் நெட் கட்டுவது. திட்டினார்கள், ஆனால் அந்த வாரமே அவர்களுக்கு நல்ல தேகப்பயிற்சி.

வாலிபாலில் கரண்டை மடங்குவது அனேகமாக நெட்டுக்குக் கீழேதான், எதிராளியின் பாதத்தின் மேல் இறங்கும்போது. நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைக்கிற விளையாட்டெல்லாம் கொடை மேட்சில் ரொம்ப உண்டு. நடுவர் கண்டுகொள்ளமாட்டார். நீங்களாவது நெட்டிலிருந்து ஒரு அடி தள்ளித் துள்ளப் பழகுங்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் வரிசையாக நின்று காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணுகிறார்களே, அதனால் அடி படுவது குறைந்ததாக நான் பார்த்ததில்லை. ஆராய்ச்சியும் அப்படித்தான் சொல்கிறது. மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடுவது, பக்கவாட்டில் நகர்வது, முழங்காலைத் தூக்கி நடப்பது, அரை உயரத்தில் துள்ளி இரண்டு காலிலும் சத்தம் கேட்காமல் இறங்குவது, இப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். இறங்கும் சத்தத்தைக் கேட்டே எவனுக்கு முழங்கால் போகும் என்று நான் சொல்லிவிடுவேன். தொம்மென்று இறங்குகிறவன் கொடைவரைக்கும் தாங்கமாட்டான்.

கரண்டை மடங்கிவிட்டால் உடனே உருவக்கூடாது. முதல் இரண்டு நாள் காலை உயர்த்தி வையுங்கள், கிரேப் பேண்டேஜை இறுக்கிவிடாமல் சுற்றுங்கள், வலிக்கு ஐஸை துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே பிற்பாடு, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். ஆக ஐஸ் வலிக்கு மட்டும். புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுவது எங்கள் ஆச்சி வைத்தியம். தோல் கிழியாமல் இருந்து, கொதிக்கக் கொதிக்க அப்பாமல் இருந்தால் அதனால் கெடுதல் இல்லை. எலும்பு முறிந்திருந்தால் புளி அதை ஒட்டவைக்காது, அவ்வளவுதான்.

எலும்பு முறிவா சுளுக்கா என்று பார்க்கக் கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் டாக்டர்கள் வகுத்த விதி இருக்கிறது. நான் அதைப் பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியில் எழுதி ஒட்டியிருந்தேன். மடங்கியவுடனும் பிறகும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. கரண்டை எலும்பின் இரண்டு பக்க மொட்டில் எதிலாவது பின் விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலி உயிர்போகிறது என்றால் எக்ஸ்ரே. சுண்டுவிரல் பக்கம் பாத நடுவில் துருத்தும் எலும்பில், அல்லது உள்பக்கம் பாத வளைவின் மேட்டு எலும்பில் அப்படி வலித்தாலும் எக்ஸ்ரே. இது எதுவும் இல்லை என்றால் முறிவு இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் சந்தேகம் இருந்தால் காட்டிவிடுவது நல்லது.

ஒரு தடவை மடங்கிய கரண்டை திரும்ப மடங்கும். வீக்கம் வற்றியதும் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கப் பழகுங்கள். பிறகு கண்ணை மூடி நில்லுங்கள். அந்த சீசன் முழுக்க ஆடும்போது கரண்டைக்கு பிரேஸ் போட வேண்டும். இதைச் சொன்னால் பையன்களுக்கு வெட்கம்.

டவுன் அக்கா

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மாசித் திருவிழாவுக்கு நெல்லை டவுனிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து போகிறோம், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டுதல். மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன், இப்போதுதான் நயினார்குளம் கரையில் நடக்க ஆரம்பித்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலிக்கிறது. வேண்டுதலை விட முடியாது. என்ன செய்ய?

பாளை பிசியோ

அக்கா, வலியை ஒரு விரலால் காட்ட முடிகிறதா, உள்ளங்கை அளவுக்குப் பரவியிருக்கிறதா? எலும்பின் உள்ஓரம் முழுக்கப் பரவலாக வலித்தால் அது திடீரென்று கூட்டிய நடையால் வருவது. தூரத்தைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்தால் தணியும். ஒரே புள்ளியில், ராத்திரியிலும் வலித்தால் எலும்பில் மெல்லிய கீறல் இருக்கலாம். அதோடு கிருஷ்ணாபுரம்கூடத் தாண்டக்கூடாது. எக்ஸ்ரேயில் முதல் இரண்டு வாரம் அது தெரியாமலும் போகும், அதனால் எலும்பு டாக்டரிடம் வலிக்கிற புள்ளியைக் காட்டிச் சொல்லுங்கள்.

வேண்டுதலைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. காலைப் பற்றிச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் பாத உணர்ச்சி சோதனை செய்துகொள்ளுங்கள், சர்க்கரை மருத்துவரிடம் சில நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருந்தால் மாசி வெயிலில் கருங்குளம் பக்கம் தார் ரோட்டில் தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அப்படியானால் செருப்பில்லாமல் நடப்பது கூடவே கூடாது, முருகன் கோபிக்கமாட்டார். உணர்ச்சி சரியாக இருந்தாலும் நடையை ராத்திரியிலும் விடியற்காலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். தங்குகிற இடத்திலெல்லாம் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான பஞ்சு வைத்து மூடுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டு நடந்தால் சர்க்கரை இறங்கக்கூடும், மடியில் கற்கண்டோ பனங்கற்கண்டோ இருக்கட்டும். முடியவில்லை என்றால் ஆழ்வார்திருநகரியில் பஸ் ஏறிவிடுங்கள்.

வாய்க்கால்பாலம்

பங்குனி பாதி ஆகிவிட்டது, நிலவரம் சொல்லிவிட வந்தேன். டாக்டரைப் பார்த்தேன், மாத்திரைப் பெயரை என் சீட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தார். பார்டர் சர்க்கரைக்கு ராத்திரிச் சோற்றைக் குறைக்கச் சொன்னார், அதுதான் பயிற்சியைவிடக் கஷ்டமாக இருக்கிறது. காலை நொண்டல் அனேகமாக இல்லை. முதுகில் அரிசிப் பையோடு படியில் ஏறி இறங்குவதைப் பார்த்து ஆலையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். தடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்பினால், வலது காலில் வருகிற எண்ணிக்கையில் இடதில் பாதிதான் வருகிறது. பி.டி. சார் சொன்ன மாதிரி மைதானத்தையும் கொத்திச் சமப்படுத்திவிட்டோம். கொடைக்கு இன்னும் ஐந்து வாரம். ஆடலாமா?

பாளை பிசியோ

தடிப்பு வலி போன பிறகும் நெடுநாள் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் பாதிப் பலத்தோடு நெட்டில் துள்ளக்கூடாது. இடது கால் வலதில் பத்துக்கு ஒன்பது பங்காவது வர வேண்டும். அதுவரைக்கும் இப்போதிருந்தே சின்னத் துள்ளலைச் சேருங்கள். முதலில் கயிறு தாண்டுகிற மாதிரி இரண்டு காலிலும், நின்ற இடத்தில், ஒரு நிமிடம் போதும், வாரம் இரண்டு நாள். துள்ளிய மறுநாள் துள்ளக்கூடாது. காலை விறைப்பு கூடவில்லை என்றால் அடுத்த வாரம் ஒற்றைக் கால், அதற்கடுத்து ஓடிவந்து துள்ளுவது. எந்த வாரம் விறைப்பு கூடுகிறதோ அந்த வாரம் ஒரு படி கீழே. அரிசிப் பைப் பயிற்சியை இதற்காக நிறுத்தக்கூடாது, கொடை முடிந்த பிறகும் வேண்டும்.

ஐந்து வாரத்தில் நெட் ஆட்டம் முழுதாக வருமா என்றால் சந்தேகம்தான். பின் வரிசையில் நின்று எடுப்பதும், தரையில் நின்றே சர்வீஸ் போடுவதும் வந்துவிடும்.

பழைய பி.டி. சார்

பின் வரிசைக்கு மட்டும் தனி ஆள் வைத்துக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது தம்பி, லிபரோ. வேறு நிறச் சட்டை போட வேண்டும், சர்வீஸ் போடக்கூடாது, நெட் உயரத்துக்கு மேலே இருக்கிற பந்தை அடிக்கக்கூடாது. கொடை மேட்சில் லிபரோவை ஒத்துக்கொள்வார்களா என்று கமிட்டியிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு ராத்திரி மைக்கில் சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை.